வாசல் தாண்டறதுக்குள்ள கூப்பிடுவாங்க

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க தம்பி. இன்னுங் கொஞ்சம். சந்தையில கத்திக் கத்திப் பழகின தொண்டை இது, நானு மெதுவாப் பேசினாலே பத்துப் பேருக்குக் கேக்கும். அந்த வாட்ச்மேன் ஏற்கெனவே வந்து சத்தம் போட்டுட்டுப் போயிட்டான். அதுவுமில்லாம அக்கட்ட சுவத்தோரமா உட்கார்ந்திருக்கறது என்ற தங்கச்சி, கலாமணி. ரெண்டு மூணு நாளா என்கூட ஒரு வார்த்தை பேசல. நான் பேசறது அவ காதுல விழுந்தா இன்னும் ஒரு மாசத்துக்குப் பேச மாட்டா.

கையில இருக்கறது தலைக்கு எடுத்த ஸ்கேன் படமுங்களா? பையனோடதா? சரி விடுங்க, சொல்ல வேண்டாம், முகத்தைப் பாத்தாலே தெரியுது. முதல் தடவையா, திரும்பி வந்ததா? முதல் தடவையா! அப்ப ஏனுங்க இப்படி வேர்த்து உட்கார்ந்திருக்கறீங்க? முதல் தடவைக்கு நல்லா ஆயிருதுங்க. எங்க புள்ளைக்கு ஆச்சு. திரும்பி வரும்போதுதான்... அதுக்குத்தான் உட்காரச் சொன்னேன். டாக்டரு உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு சங்கதி தெரிஞ்சுக்கோணும். இவங்ககிட்ட எப்படிப் பேசோணும்ங்கற சங்கதி. இங்க வர்ற சனத்துக்கு அது தெரியறதில்ல. முதல் வார்த்தைக்கே தலையாட்டிப் போடறாங்க.

என்ற பேரு சென்னியப்பனுங்க. காங்கேயத்துப் பக்கம். மாட்டுத் தரகு. பள்ளிக்கூடம்னு பாத்தா மழைக்கு ஒதுங்கினதோட சரி. ஆனா மாடு நாலடி எடுத்து வெச்சாப் போதும், எந்தக் காலுல நோவு, எந்தக் கண்ணுல பூ விழுந்திருக்குன்னு சொல்லிப்போடுவேன். அந்தக் கதவு மேல செவப்பு லைட்டு எரியுது பாத்தீங்களா? அதுக்குள்ளதான் எங்க புள்ளை இருக்குது. கலாமணி பெத்த புள்ளை, மிருதுளா. ஒத்தைப் புள்ளை. சோத்து நேரத்துக்கு வெளிய வந்துரும்னாங்க. இப்ப டீக்காரன் ரெண்டாவது தரம் வந்துட்டுப் போயிட்டான். நேரமாகுதுன்னா நல்லா அக்கறையாப் பண்றாங்கன்னு அர்த்தமுங்க. அவசர அவசரமாப் பண்ணினாத்தான் பயப்படோணும்.

அவளுக்கு முதல் தடவை வந்தப்ப ரெண்டாங்கிளாஸ் படிச்சுட்டிருந்தா. காலையில எந்திரிச்சா வாந்தி. தலை நோவுதுன்னு அழுவா. மத்தியானம் சரியாயிரும். குடல் ஏறியிருக்குதுன்னு தட்டி விட்டோம். வயித்துல என்னமோ சிக்கியிருக்குது, தொக்கம்னு சொல்லி ஒருத்தர்கிட்டக் கூட்டிப் போய் எடுத்தோம், ஒரு புளியங்கொட்டை வந்துச்சு. மறுநாளும் வாந்தி. அப்புறம் நடை தள்ளாடிச்சு. நான் அப்பவே சொன்னேன் இது வயித்துக் கோளாறு இல்லைன்னு. கலாமணியைக் கேட்டா நீங்க எங்கண்ணா சொன்னீங்கம்பா. அவளுக்கு அந்த நாளெல்லாம் சரியா ஞாபகமில்ல.

பின்மண்டையில கட்டின்னாங்க. இதே ஆசுபத்திரிதான், இதே டாக்டரம்மாதான், அப்ப அந்தம்மாவுக்குத் தலை இவ்வளவு நரைக்கல. தொறந்து எடுத்தாங்க. அப்புறம் கரண்ட் வெச்சாங்க, அதான் அந்தக் கதிர் வைத்தியம். புள்ளை அசையக் கூடாதுன்னு முகத்துக்கு அச்சு எடுத்து ஒரு வலைமூடி செஞ்சு, பலகையோட சேத்து மாட்டிருவாங்க. குஞ்சு முகம், கூடைக்குள்ள கவுத்த கோழியாட்ட. அவ அழுவல. வெளிய வந்து, "மாமா, உள்ள நான் முன்னூறு வரைக்கும் எண்ணினேன்"னா. அப்படிப்பட்ட புள்ளை. முடியெல்லாம் கொட்டி, மறுபடி முளைச்சு, ஒரு வருசம் பின்னால போய்ப் பள்ளிக்கூடத்துல சேந்து, வகுப்புல முதல் ஆளா வந்தா. வருசாவருசம் படம் எடுப்பாங்க. ஒண்ணுமில்லம்பாங்க. முடி இடுப்புக்கு வந்திருச்சு. நாங்களும் அந்தப் பேச்சையே விட்டுட்டோம். ஊருக்குள்ள யாருக்கும் தெரியாது. தலையத் தொறந்த புள்ளைன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? மஞ்சக்காமாலைன்னு சொல்லிருந்தோம்.

இப்ப, இந்த ஆனி மாசம், எப்பவும் போலப் படம் எடுக்க வந்தோம். கலாமணி, மாப்பிள்ளை, நானு, புள்ளை. மாப்பிள்ளை, கலாமணி வீட்டுக்காரரு, தறி ஓட்டறவரு, வாயில்லாத மனுசன். என்ற வார்த்தையைத் தட்ட மாட்டாரு. புள்ளையை வெளிய பெஞ்சுல உட்காரச் சொல்லிப்போட்டு எங்களை மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. கூப்பிட்ட தினுசே எனக்குப் புடிக்கல.

டாக்டரம்மா சொன்னாங்க: "கட்டி திரும்ப வந்திருக்குங்க. பழைய இடத்து ஓரத்துலதான். இப்போ சின்னதா இருக்கு. இப்போ எடுத்தா முழுசா எடுக்கறதுக்கு வாய்ப்பு இருக்கு. அப்புறம் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி கரண்ட் வைக்கலாம். ஏற்கெனவே வெச்ச தலை, அதனால ரொம்பப் பாத்துத்தான் வைக்கணும். பின்னாடி மருந்து. முழுசா குணமாயிரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. ஆனா இப்போ செஞ்சா அவளுக்கு நல்ல காலம் நிறையக் கிடைக்கலாம். தள்ளிப் போடாதீங்க."

கலாமணி முந்தானையை வாயில வெச்சுக்கிட்டா. மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. பேச வேண்டியவன் நானு. இந்த இடத்தைத்தான் தம்பி நீங்க கவனிச்சுக் கேக்கோணும்.

"சரிங்க டாக்டரம்மா"ன்னேன். "நீங்க சொல்றது உங்க விலை. எங்க விலையையும் கேளுங்க."

"செலவைச் சொல்றீங்களா ஐயா? காப்பீட்டுலயே ஆயிரும். அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"காசைச் சொல்லலீங்க. தலையைத் தொறக்க வேண்டாம். கரண்ட்டை மட்டும் வெச்சு முடிச்சுக்கலாம்."

"அது போதாதுங்க ஐயா."

"சரி, தொறக்கறதாவே இருக்கட்டும். ஆடி போகட்டும். ஆவணியில வெச்சுக்கலாம்."

"ஆடி, ஆவணியெல்லாம் கட்டிக்குத் தெரியாதுங்க."

"முழு மொட்டை அடிக்கக் கூடாது. முடி இடுப்புக்கு இருக்குது."

"ஐயா." அந்தம்மா மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வெச்சாங்க. "இது பேரம் பேசற விஷயம் இல்ல. ரெண்டு வாரத்துக்குள்ள செஞ்சாகணும்."

விக்கறவன் கெட்டியா நின்னா வாங்கறவன் என்ன செய்யோணும்? துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சு நடக்கோணும். அதுதான் சந்தை. அவன் மாடு அவன்கிட்ட, நம்ம காசு நம்மகிட்டன்னு நடக்கோணும். வேகமா நடக்கக் கூடாது, காது பின்னால இருக்கோணும். வாசல் தாண்டறதுக்குள்ள கூப்பிடுவாங்க. நாப்பது வருசத்துல நான் நடந்து கூப்பிடாம விட்ட ஆளே கிடையாதுங்க. அந்தியூர்ல ஒருத்தன் அரைமைல் ஓடி வந்து என்ற துண்டைப் புடிச்சான்.

எந்திரிச்சேன். "அண்ணா, உட்காருங்கண்ணா, கேட்டுட்டுப் போலாம்"னு கலாமணி கையைப் புடிச்சு இழுத்தா. பேசாம வான்னு கண்ணைக் காட்டினேன். கதவைத் தாண்டினோம். கூப்பிடல. மருந்துக்கடை தாண்டினோம். கூப்பிடல. நர்ஸு ஒருத்தி என்னமோ சொல்லிக்கிட்டுப் பின்னால வந்தா, நர்ஸு கூப்பிட்டெல்லாம் திரும்பக் கூடாதுங்க, மொதலாளி கூப்பிடோணும். வெளி வாசலும் தாண்டியாச்சு. பஸ் ஏறிட்டோம். சரி, வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள போன் வரும்னு இருந்தேன்.

பஸ்ஸுல புள்ளை கேட்டா: "என்ன மாமா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. தலையில சூடு ஏறியிருக்காம். எண்ணெய் வெச்சுக் குளிக்கச் சொன்னாங்க."

அவ என்னைப் பாத்தா. அவங்கம்மாளைப் பாத்தா. அவங்கம்மா சன்னலுக்கு வெளிய எதையோ பாத்துட்டு இருந்தா. "சரிங்க மாமா"ன்னா. அவ்வளவுதான். ஒண்ணுந் தெரியாத புள்ளைங்க. வெள்ளந்தி. நாம எது சொன்னாலும் நம்பிக்கும்.

போன் வந்துச்சுங்க! ஒரு நாள் விட்டு மறுநாளே வந்துச்சு. ஆசுபத்திரியில இருந்து ஒரு பொண்ணு. "தேதி குடுத்திருக்கோம், எப்போ வர்றீங்க?"ன்னு. கலாமணிகிட்டச் சொன்னேன், "பாத்தியா, ஒருபடி இறங்கிட்டாங்க. முதல் கூப்பாட்டுக்கே ஓடினா விலை அங்கயே நின்னுரும்." யோசிச்சுச் சொல்றோம்னு வெச்சுட்டேன். இன்னொரு தடவை வேற ஒருத்தன் பேசினான். பேச்சு தேனாட்ட. "உங்க பயம் என்னங்க ஐயா, எங்ககிட்டச் சொல்லுங்க, நேர்ல வந்தாப் பேசலாம்"கறான். இது ஆளு விட்டுப் பேசறது. எனக்கா தெரியாது? பெரிய மாட்டுக்காரன் எவனும் நேரா வர மாட்டான், முதல்ல பொடியனை விட்டு ஆழம் பாப்பான். ஆவணியில பாக்கலாம்னேன். அவன் என்னமோ அவசரம், அவசரம்னான். அவசரம்னு சொல்றவன் இறங்கி வருவான்னு அர்த்தம்.

அப்புறம் போன் வரல.

ஆடி பொறந்துச்சு. காத்துன்னா அப்படிக் காத்து. அம்மியே நகரும்பாங்க, அதுல ஒரு சின்னப்புள்ளை நடை கொஞ்சம் தள்ளாடாதா? கலாமணி அதுக்கு அழுவறா. காலையில வாந்தி எடுத்துச்சு, ஆடிக்கூழ் ஒத்துக்கலைன்னேன். படிக்கையில ஒத்தைக் கண்ணைப் பொத்திக்கிட்டுப் படிச்சுது, போன் பாக்கறதை நிறுத்தச் சொல்லுன்னேன். தண்ணி குடிச்சுட்டு டம்ளரை மேசை மேல வைக்கும், டம்ளரு மேசைக்கு இக்கட்டக் கீழ விழும். விழுந்ததைப் பாத்துட்டு அது சிரிக்கும். "மேசை நகந்து போச்சும்மா"ங்கும். மாப்பிள்ளை ஒரு நாள் அதிசயமா வாயைத் தொறந்து, "மச்சான், போயிரலாமுங்களா?"ன்னாரு. "நாம போய் நின்னமுன்னா அப்புறம் அவங்க சொன்னதுதான் சட்டம், மாப்பிள்ளை. இன்னும் நாலு நாள் பொறுங்க"ன்னேன். பொறுத்துக்கிட்டாரு. நல்ல மனுசன்.

ஒரு மத்தியானம் நான் எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கறேன். பக்கத்துப் பக்கத்துத் தோட்டம்தான் எங்களுது. இந்தப் புள்ளை சுவத்தைப் புடிச்சுப் புடிச்சு வந்து தொட்டி மேல உட்கார்ந்துக்கிச்சு. சின்னதுல இருந்து அது என்கூடச் சந்தைக்கு வரும். பல்லைப் பாத்து மாட்டுக்கு வயசு சொல்லும். தரகனெல்லாம் அதைப் பாத்தா, "வாங்க குட்டித் தரகரே, இன்னைக்கு என்ன நிலவரம்?"னு வம்புக்கு இழுப்பாங்க.

"மாமா, ஒரு சந்தேகம்"னுச்சு. "நீங்க திரும்பி நடக்கறீங்க. அவங்க கூப்பிடலைன்னா?"

"கூப்பிடுவாங்க."

"கூப்பிடவே இல்லைன்னா?"

"அதுக்காகத் திரும்பிப் போய் நிக்கறதா? அதுக்குத் துண்டைத் தலையில போட்டுக்கலாம்."

"நீங்க உங்க வீட்டுக்கு வந்துருவீங்க. விக்கறவங்க அவங்க வீட்டுக்குப் போயிருவாங்க. மாடு மட்டும் அங்கயே வெயில்ல நிக்குமா மாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாருங்க, இதுதான் புள்ளைப் பேச்சுங்கறது. மாட்டைப் பத்தி யாரு நினைப்பா, விலை படியாதப்ப?

அப்புறம், "உங்க துண்டைக் குடுங்க"ன்னுச்சு. நீங்க டவுன்காரரு, உங்களுக்குத் தெரியாது. நாங்க விலையை வாயில சொல்ல மாட்டோம். ரெண்டு பேரு கை மேல துண்டைப் போட்டுக்குவோம், உள்ள விரலைப் புடிச்சுப் பேசுவோம். இந்த விரல் இவ்வளவு, அந்த விரல் அவ்வளவு. சுத்தி நிக்கறவனுக்குத் தெரியாது. வாய் ஆயிரம் பொய் சொல்லும், சொல்லட்டும், அது தொழிலு. துண்டுக்குள்ள விரல் மட்டும் பொய் சொல்லக் கூடாது. சொன்னவன் அப்புறம் சந்தையில நிக்க முடியாது.

என்ற கையை இழுத்து வெச்சுத் துண்டைப் போட்டுச்சு. "மாமா, என்ற தலையில மறுபடி வந்திருந்தா ரெண்டு விரலைப் புடிங்க. வரலைன்னா ஒத்தை விரலைப் புடிங்க"ன்னுச்சு. சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சுங்க.

நான் எப்படிப்பட்ட ஆளு! மாட்டிக்குவனா? எதையுமே புடிக்கலீங்க. கையைச் சும்மா, கட்டையாட்ட வெச்சிருந்தேன். பொய்யும் சொல்லல, நெசமும் சொல்லல. அது கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துச்சு. அப்புறம் துண்டுக்குள்ள அதுவே என்ற ரெண்டு விரலைச் சேத்துப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்திட்டு விட்டுருச்சு. விளையாட்டுப்புள்ள. எப்படித் தப்பிச்சேன் பாத்தீங்களா? கலாமணிகிட்டக்கூட நான் இதைச் சொல்லல.

துண்டை மடிச்சுக் குடுத்துட்டுக் கேட்டுச்சு: "மாமா, சும்மா கதைக்குக் கேக்கறேன். நீங்க ஒரு பேரத்துல நாலு சொல்லுவீங்க. அதுல எது எதைக் குடுத்தா நீங்க ஒத்துக்குவீங்க?"

"எந்தப் பேரத்துல?"

"ஏதோ ஒரு பேரத்துல. ஆசுபத்திரிப் பேரம்னே வெச்சுக்கங்களே. எனக்குச் சூடு எறக்கற பேரம்."

வெள்ளந்தியாக் கேக்குதேன்னு சொன்னேன். முழு மொட்டை அடிக்கக் கூடாது, பொம்பளப்புள்ள. அட்டமி நவமியில வைக்கக் கூடாது. கதவு வரைக்கும் பெத்தவளைக் கூட விடோணும், போன தடவை வழியிலயே நிறுத்தி அவ கத்தின கத்து எனக்குத்தான் தெரியும். எல்லாத்துக்கும் மேல, கூப்பிடறது டாக்டரம்மாவே கூப்பிடோணும், பொடியனுக விட்டுக் கூப்பிடக் கூடாது. அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. விரல் விட்டு எண்ணிக்கிச்சு. அப்புறம், "மாமா, உங்க போனைக் குடுங்க, ஒரு பாட்டுக் கேட்டுட்டுத் தர்றேன்"னு வாங்கிட்டு மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால போச்சு. நல்ல நேரங் கழிச்சுத்தான் வந்துச்சு. பாட்டுச் சத்தமே கேக்கலையேன்னேன். "காதுல வெச்சுக் கேட்டேன் மாமா"ன்னுச்சு. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. அதான் சொன்னேனே, போன் பாக்கறது கண்ணுக்கு ஆகாது.

இப்பக் கேளுங்க கூத்தை. மறுநாள் காலையில போன் அடிக்குது. யாரு? டாக்டரம்மா! அவங்களே!

"சென்னியப்பன் ஐயாவுங்களா? நீங்க அன்னைக்குச் சொன்னதை நாங்க யோசிச்சுப் பாத்தோம். முழு மொட்டை வேண்டாம், தேவையான இடத்துல மட்டும் எடுத்துக்கறோம். அட்டமி நவமி பாத்துத் தவிர்த்துக்கறோம். தியேட்டர் கதவு வரைக்கும் அம்மா கூட வரலாம். இதுக்கு நீங்க சம்மதிக்கறீங்களா?"

எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சுங்க தம்பி. மொட்டை சங்கதியாச்சும் அன்னைக்கு அவங்ககிட்டச் சொன்னது. அட்டமி நவமியும், கதவு வரைக்கும் அம்மா வர்றதும் நான் அங்க வாயவே தொறக்கலையே! நானு தொட்டிகிட்ட நின்னு சொன்னது கோயமுத்தூர்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கறீங்க? அதுதான் பெரிய படிப்புங்கறது. எதிராளி மனசுல என்ன ஓடுதுன்னு எடைபோட்டுத்தான் போன் போடறாங்க. ஆளு லேசுப்பட்ட ஆளு இல்ல. ஆனா இறங்கி வந்தது யாரு? அவங்கதானே?

"படிஞ்சுதுங்க"ன்னேன்.

"அப்போ நாளைக்கே கிளம்பி வாங்க. நாளைக்கே."

ஊருக்குப் பூரா கேக்கற மாதிரி கலாமணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பாரு, ஆடியும் முடியப் போகுது, நான் கேட்ட ஆவணியும் தானா அமைஞ்சு போச்சு. பொறுத்தவன் பூமியாள்வான்." அவ புள்ளையைக் கட்டிக்கிட்டு அழுவறா. புள்ளை என்னைப் பாத்து, "மாமான்னா மாமாதான்"னுச்சு. வாயெல்லாம் பல்லு.

வந்தோம். மறுபடியும் படம் எடுத்தாங்க. இந்தத் தடவை டாக்டரம்மா படத்தை ரொம்ப நேரம் பாத்தாங்க. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு இங்கிலீசுல பேசிக்கிட்டாங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனா முகம் தெரியும். சுழி தப்பின, ராசியில்லாத மாட்டைப் பாக்கற முகம்.

"ஐயா, போன தடவை நான் சொன்னதுக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் இருக்குங்க. பெருசாயிருக்கு. ஓரத்துல இருந்தது மூச்சு ஓடற நரம்பைத் தொட்டுட்டு நிக்குது. முழுசா எடுக்க முடியாது. பாதி எடுக்கறதே கஷ்டம்தான். எடுக்கலைன்னா ரொம்ப நாள் தாங்காது. எடுத்தாலும்..."னு நிறுத்திட்டாங்க.

படிஞ்ச விலையை மறுபடி ஏத்தறாங்களோன்னு எனக்கு ஒரு சம்சயம் வந்துச்சு. ஆனா பேசி முடிஞ்சப்புறம் நாம பேச்சு மாத்தக் கூடாது. "பாதி எடுத்தாப் போதுமுங்க டாக்டரம்மா, மீதியை மருந்துல பாத்துக்கலாம்"னேன். அந்தம்மா என்னைப் பாத்தாங்க. படத்தைத் திருப்பி உறைக்குள்ள போட்டாங்க.

வெளிய வந்ததும் கலாமணி ஒண்ணே ஒண்ணு சொன்னா. "அன்னைக்கு நீங்க நடந்தீங்களேண்ணா, அன்னைக்கே என்ற புள்ளையும் கையை விட்டு நடந்துட்டாண்ணா." அதுதான் கடைசி. அப்புறம் பேசவே இல்ல. பெத்த வயிறு, எதையாச்சும் சொல்லும். நாம அதையெல்லாம் மனசுல வெச்சுக்கலாமா? நாந்தான் அவளை வளத்தினது. எங்கம்மா போனப்ப அவ தவழ்ந்துட்டு இருந்தா.

இன்னொரு முறைகேடும் நடந்துச்சுங்க, அதையும் உங்ககிட்டச் சொல்லிர்றேன். நேத்து அந்த டாக்டரம்மா எங்க எல்லாத்தையும் வெளிய போகச் சொல்லிப்போட்டு, புள்ளைகூடத் தனியாக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அப்பன் இருக்கறான், ஆத்தா இருக்கறா, தாய்மாமன் நானு குத்துக்கல்லாட்ட நிக்கறேன், சின்னப்புள்ளைகிட்ட என்ன தனிப்பேச்சு? நம்ம புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதே, பயந்துரப் போகுதேன்னு எனக்கு அடிச்சுக்குது. ரொம்ப நேரங் கழிச்சுத் தொறந்தாங்க. டாக்டரம்மா மூக்கைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. அந்த ரூம்ல ஏசி அப்படி, யாருக்கும் சளி புடிக்கும். புள்ளை நல்லாத்தான் இருந்துச்சு. "என்ன அம்மிணி பேசினீங்க?"ன்னேன். "மாட்டுக்கு எப்படி வயசு பாக்கறதுன்னு கேட்டாங்க மாமா. சொல்லிக் குடுத்தேன்"னுச்சு. "பாத்தியா, படிச்சவங்களுக்கு அது தெரியாது"ன்னேன். எனக்குப் பெருமைதான்.

பேரு கூப்பிடறாங்களே, உங்களையா? இல்லையா? சரி உட்காருங்க. முடிச்சிர்றேன். நீங்க உள்ள போனா நான் சொன்னதை மறந்துராதீங்க. முதல் வார்த்தைக்குத் தலையாட்டாதீங்க. எந்திரிச்சு நடங்க. ஏன் தம்பி படத்தை அப்படி இறுக்கிப் புடிக்கறீங்க, மடங்கிரப் போகுது.

இன்னைக்குக் காலையில அந்தக் கதவு வரைக்கும் போனோம். வாக்குக் குடுத்தபடி அவங்கம்மாளையும் விட்டாங்க, என்னையும் விட்டாங்க. மாப்பிள்ளை வர மாட்டேன்னுட்டாரு, மாடிப்படியிலயே உட்கார்ந்துக்கிட்டாரு. சக்கரக் கட்டில்ல புள்ளை. முடியைப் பாதிக்கு மட்டும் எடுத்து, மீதியைப் பின்னி மேல சுருட்டி வெச்சிருந்தாங்க. சொன்ன சொல் தவறல. தோடு, கொலுசு எல்லாம் முன்னாடியே கழட்டியாச்சு. கையில ஒரு கறுப்புக் கயிறு. மந்திரிச்சு நானே கட்டி விட்டது. இதையும் எடுக்கோணும்னு நர்ஸு கத்திரிக்கோலை எடுத்தா. "வெட்ட வேண்டாங்க அக்கா, அவுத்துக்கறேன்"னுட்டுப் புள்ளை பல்லால முடிச்சைப் பிரிச்சுச்சு. விரல் சொன்னபடி கேக்கல. ஆனா விடல. பிரிச்சுருச்சு.

எங்க தொழில்ல ஒண்ணு இருக்குங்க. விக்கறவன் மாட்டைக் குடுப்பான், கயித்தைக் குடுக்க மாட்டான். வாங்கறவன்தான் புதுக்கயிறு கொண்டு வரோணும். பழைய கயித்தை அவுத்து வீட்டுக்குக் கொண்டு போய்க் கட்டுத்தறியில மாட்டிருவாங்க. மாடு போனாலும் கயிறு இருந்தா அந்தக் கட்டுத்தறி வெறிச்சுன்னு போகாதாம். தரகனுக்கு அதுல பாத்தியதை கிடையாது. இது சந்தை வழக்கம், ஆசுபத்திரிக்கும் இதுக்கும் என்ன இருக்குது? ஆனா அந்தப் புள்ளை சந்தையில பாத்ததை எல்லாம் எங்கயாச்சும் செஞ்சு பாக்கும், அப்படி ஒரு விளையாட்டுப் புத்தி.

கட்டி விட்டவன் நாந்தானே, அதனால கையை நீட்டினேன். புள்ளை என்ற கையைப் பாத்துச்சு. சிரிச்சுச்சு.

"மாமா, விலை நல்லாப் படிஞ்சுதுங்களா?"

"படிஞ்சுது அம்மிணி. நாம சொன்ன விலைக்கே."

"அப்பச் சரிங்க மாமா"ன்னுச்சு. சொல்லிட்டு, என்ற கையைத் தாண்டி அவங்கம்மா கையை இழுத்து, கயித்தை அதுக்குள்ள வெச்சு, விரல் ஒவ்வொண்ணா மடக்கி மூடி, "கயிறு நம்ம வீட்டுலயே இருக்கோணும்மா"ன்னுச்சு.